இருபத்தொன்பது டிகிரி

கடலாமைப் பொரிப்பகத்தில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் உயிரோடு ஓர் ஆண் ஆமையைப் பார்த்திருக்க மாட்டார்கள். கரைக்கு வருவது பெண் மட்டும்தான். இரவில் ஏறும், குழி பறிக்கும், முட்டையிடும், மூடும், விடிவதற்குள் தண்ணீருக்குப் போய்விடும். ஆண், பொரிந்த இரவில் கடலில் இறங்கியதோடு சரி. அப்புறம் எங்கள் கரையில் அதற்கு வேலை இல்லை. இழுவலையில் மாட்டிச் செத்து ஒதுங்கியவற்றில்தான் நான் ஆண்களைப் பார்த்தேன். வால் தடித்து, ஓட்டுக்கு வெளியே நீண்டு கிடந்தால் ஆண். பெண்ணின் வால் ஓட்டு விளிம்பை ஒட்டியே நின்றுவிடும்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஒரு கடலில் ஆண்கள் குறைந்துகொண்டே வந்தாலும் கரையில் நிற்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது. அவன் கண்ணுக்குப் பெண்கள் வந்துகொண்டுதான் இருக்கும். குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தும் சொல்ல முடியாது. வெளியில் ஒரு வித்தியாசமும் இல்லை. வால் நீண்டு ஆண் என்று தெரிய இருபது, முப்பது வருஷம் ஆகும். அதற்குள் குஞ்சைக் கடலில் விட்டவனுக்கு ஓய்வூதியம் வந்துவிடும்.

எங்கள் காலத்துப் பதிவேட்டில் இருந்த பத்திகளை இப்போதும் ஒப்பிப்பேன்: தேதி, நேரம், கரையின் எந்தப் பகுதி, என்ன ஆமை, எத்தனை முட்டை, குழியின் எண், பொரிந்த தேதி, உயிருள்ள குஞ்சு, செத்த குஞ்சு, பொரியாத முட்டை. நூற்றுக்கு எழுபது எண்பது பொரிந்தால் மேலிடத்துக்குத் திருப்தி. குஞ்சுகளைக் கூடையில் எடுத்துப்போய் அலையோரம் விடும்போது பள்ளிப் பிள்ளைகள் கைதட்டுவார்கள், படம் பிடிப்பார்கள். ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று ஒரு பத்தி அந்தப் பேரேட்டில் இல்லை. யாரும் கேட்டதும் இல்லை.

நான் மலை ஊரான தானா ராத்தாக்காரன். அப்பா தேயிலை பேக்டரியில், நறுக்கிய கொழுந்தைப் பரப்பி நொதிக்கவிடும் அறையில் இருந்தார். சுவரில் தெர்மாமீட்டர் தொங்கும். அவர் அதைப் பார்ப்பதைவிடப் புறங்கையை இலைமேல் வைத்துப் பார்ப்பதுதான் அதிகம். ஒரே மலை, ஒரே நாள் பறித்த கொழுந்து. அறை இரண்டு டிகிரி கூடிப்போனால் அது வேறு தேயிலை என்பார். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது, திரெங்கானுவின் டுங்குன் பக்கம் லோரி ஓட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, “கடற்கரையில ஆமை முட்டை பாக்க ஆள் கேக்குறாங்க, வர்றியா?” என்று ஆள் அனுப்பினார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “ஸ்வெட்டர் போட்டு வளந்த பிள்ளை, ராத்திரியெல்லாம் வேர்க்குற ஊருக்கா போவுது?” என்றார். போனேன். தாப்பா இறங்கி, கோலாலம்பூர் போய், குவாந்தான் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். பொரிப்பகத்தில் என்னைத் தவிர எல்லாரும் மலாய்க்காரர்கள். நான் ‘தம்பி’. அதுவே பெயராகிவிட்டது.

வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரு பாக் சிக், அதாவது மலாய்க்காரப் பெரியவர். பொரிப்பகம் வருவதற்கு முன்னால் கரையைக் குத்தகைக்கு எடுத்தவர்களிடம் முட்டை பொறுக்கியவர். இருட்டில் மணல்மேல் கிடக்கும் தடத்தைக் காலாலேயே தடவி, ஏறின தடமா இறங்கின தடமா என்று சொல்வார். ஆமை முட்டையிட்டு முடித்ததும் நாங்கள் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் மறுபடி புதைக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மண்ணுக்குள் போய்விட வேண்டும் என்பது விதி. நேரம் கடந்தால் கரு முட்டையின் மேல்தோலோடு ஒட்டிக்கொள்ளும்; அதன்பின் புரட்டினால் அறுந்து செத்துவிடும். வாளியின் அடியில் ஈர மணல், அதன்மேல் முட்டை. எண்ணிக்கொண்டே வைக்க வேண்டும், குலுக்கக் கூடாது.

குழி வெட்டுவதற்குக் கையைவிட நல்ல கருவி இல்லை. மேலே காய்ந்த மணலை அகலமாக ஒதுக்கிவிட்டு ஈர மணல் வந்த பிறகுதான் குழி தொடங்கும். இல்லாவிட்டால் பக்கம் சரிந்து விழும். வாய் குறுகி, அடி அகன்று, குடுவை வடிவில் வர வேண்டும். ஏழுவரி ஆமைக்கு, அதாவது இங்கே பென்யு பெலிம்பிங் என்கிற தோலோட்டு ஆமைக்கு, ஏறக்குறைய 75 சென்டிமீட்டர், பேராமைக்கு 60, அழுங்காமைக்கு 45 போதும். பாக் சிக்கிடம் டேப் கிடையாது. குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டு, விரல் நுனி அடியைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் “சுக்குப்” என்பார். போதும் என்று அர்த்தம். ஏழுவரி ஆமை கடைசியில் மஞ்சள்கரு இல்லாத சின்னச் சின்ன முட்டைகளையும் இடும். அவை மேலே வரும்படி வைப்போம். பிறகு ஈர மணல், அதன்மேல் காய்ந்த மணல், சுற்றி ஒரு வலை வளையம், எண் எழுதிய முளை.

இதில் எல்லாமே ஒழுங்காகத்தான் இருந்தது. பொரிப்பகத்துக்கு இடம் தேர்ந்தெடுத்ததும் ஒழுங்காகத்தான். சவுக்கு மரங்களின் பக்கம் போனால் வேர் முட்டைக்குள் புகும், எறும்பு வரும், உடும்பு வரும். அதனால் மரமே இல்லாத, அலை ஏறாத, சுத்தமான மணல் மேட்டைப் பார்த்து வேலி போட்டிருந்தார்கள். காவலுக்கும் வசதி. காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம்வரை அந்த மேட்டில் விழும் வெயிலுக்குக் குறுக்கே ஒரு இலை நிழல்கூடக் கிடையாது. ஆமை இட்ட இடத்திலேயே விட்டிருந்தால் சில குழி அலையோரம், சில மரத்தடியில், சில திறந்த வெளியில் என்று சிதறிக் கிடந்திருக்கும். நாங்கள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டுவந்து ஒரே வெயிலில் வரிசையாகப் புதைத்தோம்.

மனிதனில் ஆணா பெண்ணா என்பது கருத்தரிக்கும்போதே குரோமோசோமில் முடிந்துவிடுகிறது. கடலாமைகள் எல்லாவற்றிலும், முதலைகள் எல்லாவற்றிலும், பல நன்னீர் ஆமைகளிலும், சில பல்லி ஓணான்களிலும் அப்படி இல்லை. முட்டைக்குள் கரு எதற்கும் தயாராக இருக்கிறது; சூடு தீர்மானிக்கிறது. 1966-இல் டக்காரில் மதலேன் ஷார்னியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் அகாமா ஓணான் முட்டைகளில் இதை முதலில் கண்டு எழுதினார். அதிகம் பேர் படிக்காத ஒரு பிரெஞ்சு இதழில் வந்ததால் உலகம் கவனிக்கப் பல வருஷம் ஆனது. பிரான்சில் குளோது பியோ ஆமைகளில் தொடர்ந்தார். 1979-இல் அமெரிக்காவில் புல், வோக்ட் இருவரும் ஆற்றாமைகளின் இயற்கையான கூடுகளிலேயே இது நடக்கிறது என்று காட்டிய பிறகுதான், இது ஆய்வுக்கூடத்து வேடிக்கை இல்லை என்று ஒத்துக்கொண்டார்கள். மறு வருஷமே இன்டெமா, மிரோசோவ்ஸ்கி என்ற இருவர் கடலாமைகளுக்கும் இது பொருந்தும், பொரிப்பகம் நடத்துகிறவர்கள் பார்த்து நடக்க வேண்டும் என்று எழுதினார்கள். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அச்சாகிவிட்ட எச்சரிக்கை அது. எங்கள் கொட்டகைக்கு வந்து சேர வெகுநாள் ஆனது.

கடலாமைக்குக் கணக்கு இதுதான். 29 டிகிரியை ஒட்டி ஒரு நடுக்கோடு. அந்தச் சூட்டில் ஆணும் பெண்ணும் பாதிக்குப் பாதி. ஒன்று இரண்டு டிகிரி குறைந்தால் எல்லாம் ஆண். ஒன்று இரண்டு டிகிரி ஏறினால் எல்லாம் பெண். இனத்துக்கு இனம், கரைக்குக் கரை, கோடு கொஞ்சம் மேலே கீழே நகரும், அவ்வளவுதான். முட்டை மண்ணில் இருக்கும் காலம் முழுவதும் இது நடப்பதில்லை. நடு மூன்றில் ஒரு பங்கில்தான் நடக்கிறது. அறுபது நாளில் பொரியும் கூட்டுக்கு ஏறக்குறைய இருபதாம் நாளிலிருந்து நாற்பதாம் நாள்வரை. அதற்கு முன் கொளுத்தினாலும் பின் கொளுத்தினாலும் இந்த விஷயத்தில் பெரிய மாற்றமில்லை. பின்பகுதியில் கருக்கள் வளர்ந்து தாமே சூட்டைக் கக்கும். கூட்டின் நடுவில் கையை விட்டால் சுற்றியுள்ள மணலைவிட இரண்டு டிகிரி கூடுதலாக இருக்கும். நல்லவேளை, அது பெரும்பாலும் தீர்ப்பு எழுதியாகிவிட்ட பிறகு வருகிற சூடு.

உள்ளே நடப்பதையும் இப்போது ஓரளவு கண்டுபிடித்துவிட்டார்கள். சூடு கூடினால் அரோமட்டேஸ் என்ற நொதி அதிகமாகச் சுரந்து, ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. பாலுறுப்பு சூலகமாக, அதாவது முட்டைப்பை ஆக, வளர்கிறது. குளிர்ந்தால் கேடிஎம்6பி என்ற மரபணு விழித்து, விந்தகத்தைக் கட்டும் இன்னொரு மரபணுவின் பூட்டைத் திறக்கிறது. இதைச் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டார்கள். அவர்கள் வைத்துப் பார்த்தது, நம் ஊர் மீன்தொட்டிக் கடைகளில் விற்கிற அதே சிவப்புக்காது ஆமைதான். 26 டிகிரியில் வைத்த முட்டைகளில் ஆண், 32-இல் பெண். வாங்கிய கொஞ்ச நாளில் பெரிதாகிவிட்டது என்று கோயில் குளத்தில் கொண்டுபோய் விடுகிறோமே, அது.

திரெங்கானு கதைக்கு வருகிறேன். ரந்தாவ் ஆபாங் ஏழுவரி ஆமைக்கு உலகப் புகழ் பெற்ற கரை. வெள்ளைக்காரர்கள் விளக்குப் பிடித்துப் பார்க்க வந்த காலம் உண்டு. 1968-இல் ஏறிய பெண் ஆமைகள் 3,103 என்பது சான் எங் ஹெங், லியூ ஹோக் சார்க் இருவரும் பின்னாளில் போட்ட மதிப்பீடு. 1993-இல் அது 20. 1994-இல் 2. சரிந்ததற்குக் காரணம் ஒன்றல்ல. பல பத்தாண்டுகள் ஏறக்குறைய எல்லா முட்டையையும் எடுத்துத் தின்றோம். ஆழ்கடலில் மிதவை வலையும் இழுவலையும் பெரிய ஆமைகளைக் கொன்றன. கரைக்கு ஏறும் ஆமை பல வருஷத்துக்கு முன் பொரிந்த ஆமை. அன்று தின்றதற்கு இன்று கணக்கு வருகிறது. இவற்றைத் தாண்டி மூன்றாவதாக ஒன்று உண்டு. மிச்சமிருந்த முட்டைகளைக் காப்பாற்ற 1960-களிலிருந்து நடந்த பொரிப்பகங்களின் மணல் சூட்டைச் சானும் லியூவும் அளந்து 1995-இல் வெளியிட்டார்கள். அங்கே பொரிந்தவை ஏறக்குறைய எல்லாமே பெண்ணாக இருந்திருக்க வேண்டும் என்று வந்தது.

ஆண் இல்லாததால்தான் அழிந்தது என்று சிலர் இப்போது சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அது தப்பு. முட்டை தின்றவனையும் வலை போட்டவனையும் விட்டுவிட்டு, காப்பாற்ற வந்தவன் தலையில் பழியைப் போடுகிற பேச்சு. ஆனால் காப்பாற்றின கொஞ்சத்திலும் பாதியை நாம் கவனிக்கவில்லை என்பது மெய். பிந்திய வருஷங்களில் எப்போதாவது ஏறிய ஏழுவரி ஆமையின் முட்டைகளைப் புதைத்து, நாள் கடந்தும் மணல் அசையாமல், தோண்டிப் பார்த்தால் கரு பிடித்த அடையாளமே இல்லாத முட்டைகளாக வருகின்றன என்று கரையெங்கும் பேச்சு இருந்தது. பாக் சிக் அதைக் கேட்டுவிட்டு, “துணை கிடைக்காமல் வந்திருக்கும்” என்று ஒரே வாக்கில் முடித்தார். அவர் எந்த ஆய்வறிக்கையும் படித்தவர் இல்லை.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உலகத்தில் நடந்தது. தென் அமெரிக்காவின் சூரினாமில் ஏழுவரி ஆமை முட்டைகளை ஸ்டைரோபோம் பெட்டியில் போட்டு நிழலில் வைத்தார்கள். பெட்டிக்குள் மணலைவிடக் குளிர்ச்சி. 1985-இல் ஆராய்ந்தபோது குஞ்சுகள் ஆண் பக்கம் சாய்ந்திருந்தன. பெட்டி சுத்தம், எறும்பு இல்லை, எண்ணுவது சுலபம், பொரிப்பு விகிதமும் மோசமில்லை. எங்கள் மணல் மேட்டுக்கு என்னென்ன நியாயம் இருந்ததோ அவ்வளவும் பெட்டிக்கும் இருந்தது.

எங்களிடத்தில் மாற்றம் தெர்மாமீட்டரோடு வந்தது. முதலில் நீளக் கம்பி வைத்த ஒன்று. குழியின் நடுவில் முனையைப் புதைத்து, வெளியே வரும் கம்பியில் காலை, மதியம், இரவு படித்து எழுதுவோம். பிறகு பொத்தான் அளவு லாகர் வந்தது. முட்டைகளுக்கு நடுவில் வைத்துவிட்டால் மணிக்கொரு முறை தானாகப் பதிந்துகொள்ளும். பொரிந்த பிறகு தோண்டி எடுத்துக் கணினியில் மாட்டினால் கோடாக வரையும். அந்தக் கோடு ஒரு மழைக்கு எப்படி இறங்குகிறது என்று முதலில் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பகல் இரவு ஏற்ற இறக்கம் அரை மீட்டர் ஆழத்தில் ஏறக்குறையத் தெரியவே தெரியாது. மேலே கால் வைக்க முடியாத மத்தியானத்திலும் கீழே கோடு நேராகத்தான் போகும். ஆனால் இரண்டு நாள் அடைமழை பெய்தால் பொத்தென்று விழுந்து, மேலேற ஒரு வாரம் எடுக்கும். கிழக்குக் கரையில் ஆமைப் பருவம் வறண்ட மாதங்களில். பெருமழை நவம்பரில் வரும்போது முட்டைகள் அநேகமாக முடிந்திருக்கும். ஆண் கொடுக்கிற மழை, பெரும்பாலான முட்டைகளுக்குக் கிடைப்பதே இல்லை.

செத்த குஞ்சுகளை அதுவரை மணலில் புதைத்துவிடுவோம். பிறகு பார்மலின் பாட்டிலில் போட்டு எண் எழுதி அனுப்பச் சொன்னார்கள். ஆய்வுக்கூடத்துப் பெண் ஒருவர் ஒருமுறை எனக்குக் காட்டினார். வயிற்று ஓட்டைக் கழற்றி, குடலை ஒதுக்கினால், சிறுநீரகத்தின்மேல் ஒட்டினாற்போல் இரண்டு வெளுத்த இழைகள். நகத்தின் பிறைக்கும் சின்னது. அதை மெழுகில் பதித்துச் சீவி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்; வெளி அடுக்கு தடித்திருந்தால் பெண். அந்த அடுக்கு மெலிந்து உள்ளே கயிறு கயிறாக இருந்தால் ஆண். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு சில்லுகளை மாற்றி மாற்றி வைத்தார். “இதுவும் பெண்ணுதான் அண்ணே,” “இதுவும்,” என்று சொல்லிக்கொண்டே போனார். அடுத்ததை நான் கேட்கவில்லை.

பழைய பேரேடுகளுக்கு அப்போதுதான் மதிப்பு வந்தது. சூடு கூடினால் முட்டை சீக்கிரம் பொரியும், குளிர்ந்தால் தாமதிக்கும். ஆகவே புதைத்த தேதிக்கும் பொரிந்த தேதிக்கும் நடுவிலுள்ள நாள் கணக்கே ஒரு தெர்மாமீட்டர். பிரேசிலில் 1997-இல் இப்படி நாள் கணக்கை வைத்தே பெருந்தலை ஆமைக் குஞ்சுகளின் ஆண் பெண் விகிதத்தை மதிப்பிட்டார்கள். எங்கள் பேரேட்டிலும் இரண்டு தேதியும் இருந்தன. லாகர் எதுவும் இல்லாத காலத்தில், எதற்கென்றே தெரியாமல், சலிப்போடு எழுதிவைத்த தேதிகள். சின்னப் பொரிப்பகம் நடத்துகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: காசில்லையா, லாகர் வாங்காதே; தேதியை மட்டும் விடாமல் எழுது.

நிழல் போடுவதிலும் பாடம் உண்டு. கறுப்பு நிழல்வலையை மணலோடு ஒட்டி விரித்தால் பிரயோசனம் இல்லை. வலையே சூடாகிக் கீழே இறக்கும். தலைக்கு மேல் இருக்கும்படி கம்பம் நட்டு, காற்று போகும்படி கட்ட வேண்டும். தென்னங்கீற்று மலிவு, குளிர்ச்சி. ஆனால் உதிர்ந்த துண்டோடு எறும்பும் இறங்கும். ஐம்பது சதவிகித நிழல்வலைக்குக் கீழே குழி ஆழத்தில் ஒன்று, ஒன்றரை டிகிரி குறையும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் கூட்டுக்கு அதுவே எல்லாம். விஷயம் பரவிய புதிதில் ஓரிடத்தில் வலையை இரண்டு மடிப்பாகப் போட்டு, சாயங்காலம் தண்ணீரும் தெளித்தார்கள். முட்டைகள் பொரிய ஏறக்குறைய எழுபது நாள் ஆனது. அவ்வளவும் ஆணாகத்தான் இருந்திருக்கும். அந்த ஊர் பொறுப்பாளருக்குப் பெருமை தாங்கவில்லை.

பாதிக்குப் பாதிதான் நல்லது என்று ஒரு எண்ணம் எல்லாருக்கும் உண்டு. ஆமைக்கு அந்தக் கணக்கு வேண்டியதில்லை. பெண் இரண்டு, மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒருமுறைதான் முட்டையிடப் புறப்படும். ஆண் அதைவிட அடிக்கடி இனச்சேர்க்கைக்கு வரும், பல பெண்களோடு சேரும். பெண் பக்கம் கொஞ்சம் சாய்ந்த கூட்டம் ஆரோக்கியமான கூட்டம்தான். நூற்றுக்கு நூறு என்பதுதான் ஆபத்து. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதி பற்றி 2018-இல் வெளியான ஆய்வு இதைச் சொல்லி உலகத்தை உலுக்கியது: அங்கே பிறந்த பேராமைகளில் இளசுகள் 99.1 சதவிகிதம் பெண். முழு வளர்ச்சி அடைந்தவற்றில் 86.8 சதவிகிதம். பொரிப்பகம் எதுவும் காரணமில்லை. கரையே சூடாகிவிட்டது. 33, 34 டிகிரியைத் தாண்டினால் பெண்கூட வராது, முட்டையே வெந்துவிடும்.

தமிழ்நாட்டுக்கு ஒருமுறை போனபோது மாமல்லபுரம் சாலையிலுள்ள வடநெம்மேலி முதலைப் பண்ணையைப் பார்த்தேன். ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கியது. இந்தியாவில் இந்த விஷயத்துக்கு அதுதான் பெரிய பட்டறை. லாங், ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் மூவரும் அங்கே சதுப்பு முதலை முட்டைகளை அரை டிகிரி வித்தியாசத்தில் வைத்துப் பார்த்து 1989-இல் எழுதினார்கள். 28 முதல் 31 டிகிரிவரை எல்லாம் பெண். 32.5-இல் எல்லாம் ஆண். 31.5, 32, 33 ஆகியவற்றில் இரண்டும் கலந்து. அதாவது ஆமைக்கு நேர் எதிர் என்றும் சொல்ல முடியாது. நடுவில் ஒரு மெல்லிய பட்டை மட்டும் ஆணுக்கு. தாய் முதலை குழியை வெட்டுகிற இடத்தையும் ஆழத்தையும் வைத்து, அந்தப் பட்டைக்குள் சில முட்டைகளாவது விழுந்துவிடுகின்றன. சென்னைக் கரையில் 1988-இலிருந்து மாணவர்கள் நடத்தும் ஆமைப் பாதுகாப்பு அமைப்பின் பிள்ளைகளோடு ஓர் இரவு நடந்தேன். அங்கே சிற்றாமை. ஜனவரியில் இட்ட முட்டைக்கும் மார்ச் கடைசியில் இட்ட முட்டைக்கும் மணல் ஒன்றல்ல என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நாங்கள் அந்த வயதில் தெரிந்துகொள்ளாதது.

இப்போது தானா ராத்தாவில் ஓய்வாக இருக்கிறேன். இங்கே கேள்விகள் வேறு. தேயிலைச் செடிக்குள் விரியன் பார்த்துப் பழகியவர்கள், “பாம்புக்கும் அப்படித்தானா?” என்று கேட்கிறார்கள். இல்லை. பாம்புக்குக் குரோமோசோம்தான், மலையில் வெயில் அடித்தாலும் பனி இறங்கினாலும் அது மாறாது. பக்கத்து வீட்டுப் பையன் சிவப்புக்காது ஆமை வளர்க்கிறான். முட்டையிட்டுவிட்டது, வீட்டுக்குப் பின்னால் புதைக்கவா, குளிர் ஊராச்சே, எல்லாம் ஆணாக வருமா என்றான். இந்த மலை மண்ணில் புதைத்தால் ஆணும் வராது, பெண்ணும் வராது என்றேன். இரவில் பதினைந்து, பதினாறுக்கு இறங்குகிற ஊரில் கரு நகராது. பையனுக்கு ஏமாற்றம்.

ஆனால் மலைக்கென்று ஒரு கதை இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை. டாஸ்மேனியாவில் பனிமலை அரணை ஒன்று உண்டு, குட்டி போடுகிற இனம். தாழ்நிலத்தில் இருக்கும் கூட்டத்தில், தாய்க்கு எவ்வளவு வெயில் கிடைத்தது என்பது குட்டிகள் ஆணா பெண்ணா என்பதைப் பாதிக்கிறது. அதே இனத்தின் மேல்மலைக் கூட்டத்தில் அந்தப் பேச்சே இல்லை. பாதிக்குப் பாதி பிறக்கின்றன. 2010-இல் இதை வெளியிட்டவர்கள் சொன்ன காரணம்: கீழே, வெயில் நிறையக் கிடைக்கும் வருஷத்தில் குட்டிகள் முன்னதாகப் பிறக்கும், முன்னதாகப் பிறப்பது பெண்ணுக்கு லாபம், ஆகவே சூட்டைக் கேட்டு நடப்பது பலன் தருகிறது. மேலே வானிலை வருஷத்துக்கு வருஷம் தாறுமாறாக ஆடும். அதை நம்பினால் ஒரு வருஷம் முழுக்க ஒரே பாலாகப் போய்விடும். அதனால் மலையில் இருப்பவை சூட்டைக் கேட்பதை விட்டுவிட்டன. ஆமைக்கு அந்த அவகாசம் இல்லை. ஒரு தலைமுறைக்கு முப்பது வருஷம் எடுக்கிற உயிர், இந்த வேகத்தில் சூடாகிற மணலுக்கு ஈடுகொடுத்து எப்போது மாறுவது?

2022-இல் திரெங்கானுவில் எல்லாக் கடலாமை முட்டைகளின் விற்பனைக்கும் தடை வந்தது. முன்பு சந்தைக்குப் போன முட்டைகள் இப்போது பொரிப்பகத்துக்கு வருகின்றன. நல்ல விஷயம், அதோடு ஒரு தொல்லையும். முட்டை கூடக் கூட வேலிக்குள் இடம் போதாது, நெருக்கிப் புதைக்கிறார்கள், நெருக்கினால் கூடுகள் ஒன்றை ஒன்று சூடேற்றும். குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி என்பதை நான் சொல்லாத ஆளில்லை. ரெடாங் தீவின் சாகார் ஊத்தாங்கில் பல்கலைக்கழகக்காரர்கள் 1993-இலிருந்து செய்வதுபோல், கூட்டை எடுக்காமல் ஆமை இட்ட இடத்திலேயே அடையாளம் போட்டு, உடும்பிடமிருந்து காப்பது எல்லாவற்றிலும் நல்லது. காவலுக்கு ஆளும், திருட்டில்லாத கரையும் இருந்தால்தான் அது நடக்கும்.

போன பருவத்தில் தெற்கே ஒரு சின்னக் கரையில் புதிதாகப் பொறுப்பேற்ற மலாய்க்காரத் தம்பி போன் செய்தான். வலை வாங்கப் பணம் வந்திருக்கிறது, முழுக்கப் போட்டுவிடவா என்றான். முழுக்க வேண்டாம் என்றேன். பாதி வரிசைக்கு நிழல், பாதி வெயில். எந்த வரிசை எது என்று பேரேட்டில் குறி. ஆழத்தை ஆமைக்கு ஆமை மாற்று, உன் களைப்புக்குத் தகுந்தபடி மாற்றாதே. “ஆண் எத்தனை வந்தால் போதும், அங்கிள்?” என்று கேட்டான். உன் கரையில் ஆமை தானாக இட்ட கூடுகளில் இரண்டைத் திருட்டுப் போகாமல் காத்து, அதில் லாகர் வை. ஒன்று மரத்தடியில், ஒன்று வெளியில். அதில் இருபதாம் நாளிலிருந்து நாற்பதாம் நாள்வரை என்ன சூடு காட்டுகிறதோ, உன் இரண்டு வரிசையும் அதற்குப் பக்கத்தில் நிற்கட்டும் என்றேன். லாகர் என்ன விலை, எங்கே கிடைக்கும் என்று விசாரித்து எழுதிக்கொண்டான்.